தலையணைக்கு ஒரு நம்பர்

"எலி மருந்து, பெரிய டப்பா," என்று திரையைப் பார்த்துப் படித்தாள் பில் போடும் பெண்.

தலையணைக்காரர் கவுண்டரில் கிடந்த தன் தலையணையைப் பார்த்தார். அது தலையணையாகத்தான் இருந்தது. வெள்ளை உறை, எடுப்பான மூலைகள், கன்னத்தை வைத்தால் அமுங்கி எழும் பஞ்சு. ஒரு மூலையில் மட்டும் கறுப்புக் கோடுகள் அச்சடித்த காகிதம் ஒட்டியிருந்தது.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா."

மெஷின் மறுபடியும் 'பீப்' என்றது.

"எலி மருந்துதாண்ணே."

பின்னால் வரிசையில் நின்றிருந்த அம்மாள் தன் காய்கறிக் கூடையைத் தலையணையிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டைக்காரர் எழுந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நீல டை, மூக்கு நுனியில் கண்ணாடி. காகிதத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கோடு எங்கேர்ந்து வந்தது?"

"மச்சான்தான் சார் போட்டுக் கொடுத்தான். வீட்டுல ஏதோ டப்பாவுல இருந்ததைப் பார்த்து... கம்ப்யூட்டர்லயே அச்சா எடுத்தான்."

"நல்லாத்தான் எடுத்திருக்கார். அந்த டப்பாவைத்தான் கொஞ்சம் பார்த்து எடுத்திருக்கலாம்."

தலையணைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரில்தான் தலையணை இருந்ததே, அதில் வைத்துக்கொண்டார்.

அவர் ஒன்றும் ஏமாற்றுக்காரர் அல்ல. நான்கு தெரு தள்ளி அவருக்குச் சொந்தமாக ஒரு தலையணைக் கடை இருந்தது. இந்தப் பெரிய கடை வந்த பிறகு ஜனங்கள் உப்பு முதல் குடை வரைக்கும் ஒரே கூரையின் கீழ் வாங்கப் பழகிவிட்டார்கள். அவருடைய கடைக்கு வந்தவர்கள் பெரிய கடைக்கு வழி கேட்க வந்தவர்கள்தான். கடைசியில் கடையைக் காலி செய்து, தையல் மெஷினையும் பஞ்சு மூட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'ஜனங்கள் நம்மைத் தேடி வராவிட்டால் என்ன, அவர்கள் போகும் இடத்துக்கு நம் தலையணை போகட்டும்' என்று ஒருநாள் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு இங்கே வந்தார்.

யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. டை கட்டியவர் ஒருவர்தான் கண்ணில் பட்டார்.

"சார், இந்தத் தலையணை இங்க போகுமா?"

டைக்காரர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பார்கோடே இல்லையே? பார்கோடு இல்லாட்டி எப்பேர்ப்பட்ட சரக்கா இருந்தாலும் இந்த மெஷின் ஏறெடுத்தும் பார்க்காது."

"பார்கோடு போட்டுக் கொண்டுவந்தா?"

"தாராளமா கொண்டுவாங்க. ஓட்டிப் பார்த்துடலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் வாசலிலேயே மனைவியிடம், "மேனேஜர் சரின்னுட்டார்!" என்றார். அவள் அந்த நிமிஷமே தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். பெரிய தலையணை, சின்னத் தலையணை, குழந்தைத் தலையணை, கால் போட்டுக்கொள்ள உருளைத் தலையணை என்று வீடு நிரம்ப ஆரம்பித்தது.

இப்போது டைக்காரர் பொறுமையாக விளக்கினார். "பாருங்க, கோடு முக்கியமில்ல. உள்ள இருக்கிற நம்பர்தான் முக்கியம். மெஷினுக்கு எழுத்து தெரியாது, அதனால நம்பரைக் கோடா வரைஞ்சு காட்டுறோம். எலி மருந்தோட நம்பரைத் தலையணையில ஒட்டினா அது எலி மருந்துன்னுதான் சொல்லும். உங்களுக்குன்னு சொந்தமா ஒரு நம்பர் வாங்கணும்."

"வாங்கிட்டு வந்தா எடுத்துக்குமா சார்?"

"ஏன் எடுக்காது? செவ்வாய்க்கிழமை வாங்க, இருப்பேன். மத்த நாள்ல வேற கடைகளுக்குப் போயிடுவேன்."

ஒரே ஆள் எத்தனை கடைகளைத்தான் மேய்க்கிறார் என்று தலையணைக்காரர் பிரமித்துப்போனார்.

வீட்டில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சோபாவில் இடமில்லாமல் தலையணைக் குவியலின் மேல் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, எலி மருந்து டப்பாவையா பார்த்து எடுத்தே?"

"கையில கிடைச்சதை எடுத்தேன் மாமா. கோடுன்னா கோடுதானேன்னு நினைச்சேன். இப்ப என்ன, நம்பர்தானே? இன்டர்நெட்ல கொட்டிக் கிடக்கு. பாதி விலைக்கு ஒருத்தன் விக்கிறான்."

"பாதி விலைக்கா? எதனாலயாம்?"

"எதனாலயோ! நமக்கு நம்பர் வந்தா சரி."

அடுத்த செவ்வாய்க்கிழமை மெஷின் 'பீப்' என்றது. பில் போடும் பெண் திரையைப் பார்த்தாள், தலையணைக்காரரைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியவங்களுக்கான டயப்பர்."

"என்னம்மா?"

"டயப்பர்ணே! பெரியவங்களுக்கு!"

இந்த முறை வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரோ உபயோகிச்ச பழைய நம்பரை உங்க தலையில கட்டிட்டாங்க. கம்பெனியை மூடியிருப்பான், நம்பரை வித்திருப்பான். நம்பர் குடுக்கிறதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க உங்க பேர்லயே பதிவு பண்ணி வாங்கினாத்தான் அது உங்களோடது."

தலையணைக்காரர் அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மனைவி பண்டிகைப் புடவைக்காகச் சேர்த்து வைத்திருந்ததையும் எடுத்துப் போனார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சொந்தப் பெயரில் ஒரு கட்டு நம்பர்கள் வந்த அன்று, அதில் முதலாவதை அச்சடித்து வீட்டிலிருந்த அத்தனை தலையணைகளிலும் ஒட்டினார்கள். மகள்கூடப் பாடத்தை விட்டுவிட்டுப் பசை தடவினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டைக்காரர் பெரிய தலையணையைப் பார்த்தார். குழந்தைத் தலையணையைப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே நம்பரா?"

"ரெண்டும் எங்க வீட்டுத் தலையணைதானே சார்."

"உங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருந்தா ஒரே பேரா வைப்பீங்க? பெரிசுக்கு ஒரு விலை, சின்னதுக்கு ஒரு விலை. மெஷினுக்கு எப்படித் தெரியும்? வேற வேறயா இருந்தா வேற வேற நம்பர்."

இதைத் தலையணைக்காரர் அப்படியே மனதில் பதித்துக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகவே பதித்துக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளை பேர் வேறு என்றால் தலையணைக்குத் தலையணை நம்பர் வேறு. ஒட்டியதையெல்லாம் ஈரத்துணி வைத்துக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் புது நம்பர். கையிலிருந்த நம்பர்கள் கூடத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயின. படுக்கையறைத் தலையணைகளுக்காக மறுபடியும் ஆபீசுக்குப் போய் நின்றார். இந்த முறை மனைவி பேசினாள்.

"ஏங்க, வீட்டுல உக்கார இடமில்ல, நிக்க இடமில்ல. பீரோவைத் திறந்தா தலையணை வந்து விழுது. பாத்ரூம்ல வாளிக்குப் பக்கத்துல ஒண்ணு கிடக்கு. உங்க வீட்டுல எத்தனை பேர் தூங்குறீங்கன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"இன்னும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை."

"போன செவ்வாய்க்கிழமையும் இதைத்தான் சொன்னீங்க."

உண்மையைச் சொன்னால், வீட்டில் யாரும் தூங்கவே இல்லை. சுற்றிலும் தலையணையாக அடுக்கி வைத்துக்கொண்டு தலையணைக்காரர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டைக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஒரே அளவு, ஒரே துணி, ஒரே விலைன்னா எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தாங்க! நீங்க ஒவ்வொரு தலையணைக்கும் ஜாதகம் எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர் இதையெல்லாம் தனித்தனிச் சரக்குன்னு நினைச்சுக்கும்."

தலையணைக்காரர் வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு தலையணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு, மறுபடியும் கடை திறந்தால் என்ன என்று யோசித்தார். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. வேறு தொழிலும் தெரியாது. எழுந்து, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

இனி மச்சானை நம்பப்போவதில்லை என்று முடிவு செய்து, காகிதம் அச்சடிக்கும் வேலையை மனைவியிடமே கொடுத்தார். அளவுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். அவளுக்கும் இந்த முறை கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. கறுப்புக் கோடு துக்க வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று, அழகான சிவப்பில் அச்சடித்து வாங்கிவந்தாள்.

கடையில் மெஷின் எதுவும் சொல்லவில்லை. பில் போடும் பெண் நேராகக் காட்டினாள், சாய்த்துக் காட்டினாள், தலையணையைத் தட்டிக் காட்டினாள். டைக்காரர் குனிந்து பார்த்தார்.

"சிவப்பா? மெஷினோட வெளிச்சமே சிவப்புங்க. சிவப்புக் கோடு அதுக்கு வெள்ளைத்தாள் மாதிரிதான். கறுப்புதான் நல்லது. அதோட, தலையணை மேல ஒட்டாதீங்க. அமுங்கினா கோடும் சுருங்கிடும். கெட்டி அட்டையில அடிச்சுத் தொங்க விடுங்க."

"சார்," என்றார் தலையணைக்காரர். "இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒண்ணொண்ணாத்தானே கொண்டுவந்தீங்க?"

தலையணைக்காரரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. இத்தனை தடவை வந்தும் மனிதர் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. தலையணைக்காரரைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு, "வாங்க, இன்னிக்கு என்ன கொண்டுவந்தீங்க?" என்று ஆசையாகவே கேட்பார். விலை என்ன, எத்தனை வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை. எல்லாம் சரியான பிறகு கேட்பார் என்று தலையணைக்காரர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை. கெட்டி வெள்ளை அட்டை, கன்னங்கரேல் என்று கோடுகள், இரண்டு பக்கமும் வெற்றிடம் விட்டு, நூல் கட்டித் தொங்கவிடப்பட்ட நம்பர். மனைவியும் கூட வந்திருந்தாள். வீட்டிலிருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றாள். இங்கேயும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

பில் போடும் பெண் அட்டையை மெஷினிடம் காட்டினாள்.

'பீப்.'

தலையணைக்காரரும் மனைவியும் டைக்காரரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். எலி மருந்து இல்லை. டயப்பர் இல்லை. 'புதிய பொருள். பெயரை ஏற்றவும்' என்று வந்திருந்தது, கீழே அவருடைய சொந்த நம்பர் ஒரு எண்கூடப் பிசகாமல்.

டைக்காரர் மற்ற அளவுகளையும் வாங்கி ஓட்டிப் பார்த்தார். தொட்டதும் பீப், தூர நின்று காட்டினாலும் பீப். "பிரமாதம்!" என்றார். "இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல. எந்தக் கடையில வேணும்னாலும் ஓடும்." தலையணைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கறுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, இங்க என் வேலை முடிஞ்சது. வரேன்," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், எவ்வளவு தங்கமான மனுஷர்," என்றாள்.

தலையணைக்காரர் தயங்கித் தயங்கிப் பில் போடும் பெண்ணிடம் திரும்பினார்.

"ஏம்மா, மேனேஜர் ஆர்டர் எதுவும் சொல்லாமலே போறாரே? எத்தனை தலையணை கொண்டுவரட்டும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேனேஜரா? அவர் மெஷின் ரிப்பேர் பண்ண வர்றவர்ணே. நீங்களும் அவர் கம்பெனியில மெஷினை டெஸ்ட் பண்ணத் தலையணை தூக்கிட்டு வர்ற ஆளுன்னுதானே நான் இத்தனை நாளா ஓட்டிக் காட்டிட்டிருந்தேன்!"