பால் பொங்கிய பக்கம்

புங்குடுதீவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெகதீஸ் அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் மச்சாளும் பனியில் வழுக்காமல் நடமாட அம்மாளாச்சி துணை நிற்கட்டும். வட்ஸ்அப்பை விட்டுவிட்டுக் கடிதம் எழுதி, ரொறன்ரோவுக்கு வரும் தர்சனாவிடம் வீடியோவோடு கொடுத்துவிடுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் போன் எப்போதும் மச்சாளின் கையில். ஆகவே இதைக் குளியலறையில் இருந்து, சத்தமில்லாமல் வாசியுங்கள்.

உங்கள் புது வீட்டுக் குடிபூரல் வீடியோவை ரவுண் ஸ்ரூடியோவில் கொடுத்தால் ஐயரைச் சுற்றி ரோசாப்பூப் பறக்கவிடுவார்கள் என்று பயந்து, "நீதானே படிச்சனி, நீயே வெட்டி ஒட்டு" என்று என் தலையில் கட்டினீர்கள். வெட்டுவது லேசு, அண்ணை. ஒட்டுவதில்தான் வினை. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ரான்சிசன் என்று ஒன்று போடவேண்டுமாம். இல்லாவிட்டால் படம் துள்ளும். நூறு வகை இருக்கிறது. இதயம்போலத் திறக்கும் ஒன்றைப் போட்டேன். மச்சாளின் அண்ணர் மாலையோடு வந்து முடிய, இதயத்துக்குள்ளே பசுமாட்டின் பின்பக்கம் தெரிந்தது. பக்கம் புரளுவதைப் போட்டேன். ஐயர் பாய்போலச் சுருண்டு போனார். கடைசியில், ஒன்று மங்க மற்றது தெளியும் சாதாரண வகையோடு சமாதானமானேன்.

அப்போதுதான் பால் வந்தது. பால் பொங்கிய நேரம் நான் குசினியில் இல்லை. உள்ளே வரமாட்டேன் என்று படலையடியில் படுத்துவிட்ட கன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். வீடியோவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பால் திரையின் இடது பக்கம் வழிகிறது. இடது பக்கம் மேற்கு. புவியியல் படிப்பிக்கிற எனக்கு இதற்குத் திசைகாட்டி வேண்டாம். "கிழக்காலை பொங்கினால்தான் தைப்பொங்கலுக்கு வருவன், இல்லாட்டி வீட்டைப் பூட்டி வையுங்கோ" என்று மச்சாள் சொன்னது காதுக்குள் கேட்டது. பதினொரு வருசம் வராத உங்களை ஒரு பானைப் பால் மறிப்பதா?

அன்று அடுப்படியில் நின்ற சிவகுரு மாமாவைக் கேட்டேன்.

"மாமா, பால் எந்தப் பக்கம் பொங்கினது?"

"கிழக்காலைதான் பிள்ளை. நான் நிண்டு பாத்தனான்."

"கண்ணாடி போட்டிருந்தனீங்களோ?"

"அது வாசிக்கிறதுக்கெல்லோ. பால் என்ன பேப்பரே?"

எங்கள் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். பால் விளிம்புக்கு வந்த இடத்திலேயே வெட்டினேன். பாயாசம் பரிமாறும் துண்டை அடுத்து வைத்து, ரான்சிசன் போட்டு ஓட்டினால், வெட்டிய பால் திரும்பவும் வந்து பாயாசத்துக்கு மேலே வழிகிறது! வெட்டியது எங்கும் போவதில்லையாம், ஒளிந்திருக்குமாம். ரான்சிசன் தனக்குத் தேவையானதை அங்கேயிருந்துதான் இழுக்குமாம். எங்கள் குடும்பம் மாதிரித்தான். சொல்லாமல் விட்டதெல்லாம் இரண்டு கதைக்கு நடுவில் மங்கலாகத் தெரியும்.

நாலு பின்னேரம் மாரடித்துவிட்டு, அந்தத் துண்டை முழுதாக வைத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றிவிட்டேன். பால் இப்போது அழகாக வலது பக்கம் வழிகிறது. ஐயர்தான் இடது கையால் கற்பூரம் காட்டுகிறார். மச்சாள் கேட்டால், ஊரில் இப்ப இடக்கை ஐயர் ஒருவர் வாறவர் எண்டு சொல்லிச் சமாளியுங்கோ. எனக்காக இந்த ஒரு பொய்.

மச்சாளின் முழங்கால் நோவு குறையட்டும். உங்கள் தலையில் மிச்சமிருக்கிற முடி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
நிலாந்தினி

பி.கு: மாமாவின் பொய்யை நிரூபிக்க அவரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய், கமரா நின்ற இடத்தில் நானே நின்று பார்த்தேன். முகம் தெற்கைப் பார்க்கிறது. இடது கைப்பக்கம் கிழக்கு! இருபது வருசம் சுவர் வரைபடத்துக்கு முன்னால் நின்ற பழக்கம், அண்ணை. பால் கிழக்காலைதான் பொங்கியிருக்கிறது. மேற்காலை பொங்கவைத்தது நான். கமராவைத் தெற்குப் பார்க்க வைக்கச் சொன்னதே மச்சாள்தானாம், மாமா இப்பதான் சொல்கிறார்; பார்த்த உடனே பிடித்துவிடுவா. வீடியோ இருக்கிற பெட்டியோ கட்டி வான் வண்டியில் ஏற்றியாயிற்று. தர்சனா கடிதத்துக்காகப் படலையில் நின்று கத்துகிறா. ஆகவே, கடிதத்தை மச்சாளுக்கு உரத்து வாசியுங்கோ. வீடியோவை நீங்கள் மட்டும் குளியலறையில் இருந்து பாருங்கோ.