உள்பக்கத்து ஒட்டு

வயிற்று வலி நின்றுபோனதுதான் பஞ்சர் கடைக்காரருக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

நின்று மூன்று நாளாகிறது. இன்னும் ஐந்து நிமிடத்தில், பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் போன் செய்வாள். "வயிறு எப்படிண்ணா?" என்பாள். நேற்று வாய்தவறி "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"அப்படியே இருந்தா, இனிமே வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்ணா" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

வாரத்துக்கு ஒரு தடவையா! கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் பேசுவது "பின்சக்கரம்", "காத்து அடிங்க", இவ்வளவுதான். அதிலும் பாதிப் பேர் சக்கரத்தைக் கையால் காட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் சத்தம் போடுவது மின்விசிறி ஒன்றுதான். அதுவும் மூன்றாம் எண்ணில் வைத்தால்தான் வாயைத் திறக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

அவள் போன் செய்வது ஆஸ்பத்திரியின் எட்டு வார ஆராய்ச்சி ஒன்றுக்காக. நல்ல பாக்டீரியா அடைத்த மாத்திரை, தினமும் ஒன்று. முதல் நாளே அவள் விளக்கியிருந்தாள்.

"குடலோட உள்சுவர்ல வழவழன்னு ஒரு பூச்சு இருக்குண்ணா. அது தேஞ்சா, வெளிய போகக்கூடாததெல்லாம் கசிஞ்சு ரத்தத்துல கலந்துடும். இந்த பாக்டீரியா அந்தப் பூச்சை வளர்த்து, சந்து பொந்தை அடைக்குதான்னு பாக்குறோம்."

"அட, உள்ள உக்காந்து பஞ்சர் ஒட்டுதுங்களா! நம்ம ஆளுங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நினைப்பில் அன்றைக்கு அவர் ஒரே ஓட்டைக்கு இரண்டு ஒட்டுப் போட்டார்.

போன் அடித்தது.

"வயிறு எப்படிண்ணா?"

"திரும்பவும் வலிக்குதும்மா."

"ஐயையோ! டீ குடிக்கிறீங்களா?"

"நாலு."

"முதல்ல அதை நிறுத்துங்க."

டீ போயிற்று. மறுவாரம் மிளகாய் போயிற்று. அடுத்து எண்ணெய். கடைசியில் வேகவைத்த காய் மட்டும் என்றாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடைக்கும் பத்து நிமிடப் பேச்சு கூடுதலாகக் கிடைத்தது. அவளுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றே நிற்பதில்லை என்பது வரைக்கும் வந்துவிட்டது.

"வால்வுல எச்சில் தொட்டு வைம்மா. குமிழ் வந்தா அங்கதான் கசியுது."

"ச்சீ, எச்சிலாண்ணா?"

"நான் நாப்பது வருஷமா அதுலதான் பொழைக்கிறேன்."

எட்டாம் வாரம் கடைசிச் சோதனை. ஒரு இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஐந்து மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தர வேண்டும். குடல் கசிந்தால் அந்தச் சர்க்கரை அதில் தெரியும். கசியாவிட்டால்? குடல் சரியாகிவிட்டது, போய் வாருங்கள் என்பார்கள். அப்புறம் போன் ஏது?

வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் கசிவைக் கண்டுபிடிக்கிற கை, ஒரு கசிவை உண்டாக்கத் தெரியாமலா போகும்? கேனில் நாலு கரண்டி சர்க்கரையைக் கொட்டினார், குலுக்கினார், மூடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் கேனை வாங்கிய காவலாளி பின்வாங்கினார். "என்னங்க, எறும்பு மொய்க்குது?"

"வழியில ஏறிடுச்சுங்க."

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அன்று அவர் முன்சக்கரத்துக்குப் பதில் பின்சக்கரத்தைக் கழற்றித் திட்டு வாங்கினார். மூன்றாம் நாள், புது எண்ணிலிருந்து அழைப்பு.

"அண்ணா, நாந்தான். நம்பர் மாறிடுச்சு." குரல் கம்மியிருந்தது. "ரிசல்ட் சரியில்லண்ணா. நான் இன்னும் கொஞ்ச நாள் கூப்பிட வேண்டியிருக்கும்."

"எத்தனை நாள் வேணும்னாலும் கூப்பிடும்மா!"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிட்டாள். முன்பெல்லாம் பின்னணியில் நாலைந்து போன்கள் அடிக்கும். இப்போது எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

ஆனால் வாரக்கணக்கில் வெறும் காயைத் தின்ற வயிறு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. சொன்னதும் அவள் அழுதுவிட்டாள்.

"எல்லாம் என்னாலதாண்ணா."

"அழாதம்மா. நானே நேர்ல வந்து டாக்டரைப் பாக்குறேன்."

"ஐயோ, இங்க வராதீங்க! வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

தன் பொய்யால் அவள் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது என்று அவர் பதறிப்போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் போன் வராது. வராவிட்டால் போகட்டும். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் சைக்கிளுக்கு ஒரு புது டியூபைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எறும்புக் கேன்காரர்தானே?" என்றார் காவலாளி.

"ஆமாங்க. அந்தக் குடல் ஆராய்ச்சிப் பொண்ணைப் பாக்கணும். ஆராய்ச்சியப்போ வலிக்குதுன்னு நான் சொன்னதெல்லாம் பொய். அதை நம்பி, பாவம், தினமும் போன் பண்ணிக்கிட்டு இருக்கு."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தினமுமா? ஆராய்ச்சி முடிஞ்ச அன்னைக்கே அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சேங்க, ஒன்னரை மாசமாச்சு!"