மாமாவின் நாடி அடைப்பு

இந்தக் கதையை மற்றவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். ஒருமுறை நானே எழுதிவிடுகிறேன்.

2009இல் நான் லண்டனில் மருத்துவக் கல்லூரி முதலாம் ஆண்டு. கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லும் வயது. (பல் விளக்கும்போதுகூட யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பேன்.)

அங்கேயே நோர்பரியில் இருந்த மாமாவுக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூன் ஊதித் திறக்க வேண்டும். பயத்தில் மாட்டேன் என்றவரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். அந்தக் குழாய்க்கு அம்மா ஊரில் படித்த விஞ்ஞானப் புத்தகச் சொல் ‘நாடி’. மனப்பாடம் செய்துகொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் முகவாய்க்கும் நாடி என்றுதான் பெயர் என்பது லண்டன் குரோய்டனில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

“மாமா, நாடியிலதான் அடைப்பு. பலூனால திறந்தா இரத்தம் ஓடும்.”

“நாடியிலயோ?” தாடியைத் தடவினார். “நெஞ்சுக்க எல்லோ நோகுது?”

“எல்லாம் ஒண்டோடொண்டு தொடர்புதான் மாமா.”

கம்பி விடும் இடத்தை முந்தின நாளே சவரம் செய்துவிட்டு வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தொடைச்சந்து என்று மாமாவிடம் சொல்ல வெட்கம். “அந்த இடத்தை ஷேவ் எடுத்துப்போட்டு வாங்கோ” என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கலியாணத்துக்கு முன்பே வளர்த்த தாடி போயிருந்தது. நேர்ஸ் போர்வையை விலக்கித் தொடைப்பக்கம் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

“பிள்ளை, ஆள் மாறிப்போச்சு! நாடி அடைப்புக்குத் தொடையில என்ன வேலை? நான் வீட்ட போறன்.”

காலில் போடச் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டார். போனால் திரும்பி வரமாட்டார். அடைப்பு அவருக்காகக் காத்திராது. வேறு வழியின்றி, நேர்ஸ் பார்த்திருக்க, என் தொடைச்சந்தில் விரல் வைத்து நெஞ்சுவரை இழுத்துக் காட்டினேன்.

“இரத்தம் இதயத்தில இருந்து இப்பிடிக் கீழ வரும். கம்பி அதுக்கு எதிராப் போகும்.”

டெலிவரி வான் ஓட்டும் மாமா யோசித்தார். “வன்வே றோட்டில எதிர்ப்பக்கமோ? ஃபைன் அடிப்பாங்களே!”

“ஆஸ்பத்திரி வண்டியெண்டா போக விடுவினம் மாமா.”

படுத்துக்கொண்டார். அடைப்பும் திறந்தது.

பிறகு பார்க்க வந்த மாமி, அந்த வெறும் முகத்தை நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு காலமும் இதையோ மறைச்சு வைச்சிருந்தனீங்கள்? திருப்பி வளருங்கோ.”

இப்போது நான் டொக்டர். நோயாளிகள் நம்புகிறார்கள். குடும்பத்தில்தான், நான் வாயைத் திறந்தால் மேசை முழுவதும் நாடியைப் பொத்திக்கொள்கிறது. புதிதாக வந்த மருமக்கள் ஏன் என்று கேட்பார்கள். மாமா உற்சாகமாக முதலிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு முறையும், வழித்த அந்தத் தாடி இன்னும் ஓரங்குலம் நீண்டிருக்கும்.