பிந்தி வந்த கையெழுத்து

என்னிடம் அழகாக இருப்பது ஒன்றே ஒன்று: என் கையெழுத்து. எழுதுகிற எழுத்தைச் சொல்லவில்லை, அது மருந்துக் கடைக்காரருக்கே விளங்காது. அடியில் வைக்கிற ஒப்பத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணித பாடம் நடக்கும்போதெல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் செதுக்கிய சிற்பம் அது. (கணிதத்தில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.) முதலில் ஒரு பெரிய சுழி. அதற்குள் இருந்து அப்பாவின் முதலெழுத்து எட்டிப் பார்க்கும். பிறகு என் பெயர் மூச்சுவிடாமல் ஓடி, கடைசி எழுத்தில் சறுக்கி, அடிக்கோடாகத் திரும்பி வந்து, இரண்டு புள்ளியில் நிற்கும். நான் வேலை பார்த்த காப்புறுதிக் கந்தோரில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தவர்கள், நேரில் கண்டதும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

அப்படிப்பட்ட கையெழுத்தை ஒரு புதன்கிழமை முற்பகல், எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டு வரவேற்பறையில் வைத்து நானே கொன்றேன்.

மகள் ஆரணிக்கு அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. பெற்றோரில் ஒருவர் சம்மதம் தெரிவித்து, வருகிற இணைப்பைத் திறந்து, திரையிலேயே கையெழுத்து வைக்க வேண்டும். அன்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு இணைப்பு மூடிவிடும். மூடினால் இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஆரணி கொள்ளுப்பிட்டியில் ஏஜென்சிக் கந்தோரில் இருந்தாள். அங்கே ஒரு மிஸ் என் கையெழுத்து வந்து சேரும்வரை மற்ற வேலைகளைத் தொடங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

போவதற்கு முன்பே ஆரணி தன் டெப் கணினியையும் அதற்கான ஸ்டைலஸ் பேனையையும் மேசையில் வைத்து வகுப்பெடுத்திருந்தாள்.

"அப்பா, விரலால வைக்காதேங்கோ, கோழி கிண்டின மாதிரி வரும். இந்தப் பேனையால வையுங்கோ. பாஸ்போர்ட்டில இருக்கிற மாதிரியே இருக்கோணும். பிழைச்சா இடப்பக்கப் பட்டனை அமத்துங்கோ, அழிஞ்சிடும். சரியெண்டா வலப்பக்கம். அவ்வளவுதான்."

"எனக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லித் தாறியோ?" என்றேன், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அடிக்கலாம் போலிருக்கிறது.

மனைவி வசந்திக்கு இது வெறும் கையெழுத்தல்ல, மகளின் எதிர்காலத்துக்கு நாள் பார்த்து வைக்கிற அடிக்கல். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்குள் வைத்துவிட வேண்டும் என்றாள். சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். டெப்பின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பேனைக்கும் வைக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. பிறகு லண்டனில் இருக்கும் தன் தம்பி குகனை வீடியோவில் அழைத்து, தன் போனைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்தாள்.

"அத்தான், ரெடியோ?" என்றான் குகன். கையில் காலைத் தேத்தண்ணி.

இங்கேதான் என் முதல் கோளாறு. வாசிக்கிற கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் கிட்ட இருப்பது ஒன்றும் தெரியாது. ஆனால் குகன் என்னைவிட ஐந்து வயது இளையவன், போனமுறை வந்தபோது "அத்தான் இன்னும் அப்படியே இருக்கிறார்" என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவன். அவன் முன்னால் மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வாடகைப் பணம் எண்ணுகிற கிழவர் மாதிரி இருக்க மனம் வரவில்லை. கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

அதற்கு நான் ஒரு மாற்றுவழி வைத்திருந்தேன். டெப்பில் வருவதை அப்படியே பெரிய டீவியில் காட்டும் வித்தையைக் கொஞ்ச நாளைக்கு முன்தான் கற்றிருந்தேன். இணைத்தேன். சுவரளவு வெள்ளைப் பெட்டி, அதற்குள் 'இங்கே கையெழுத்திடவும்' என்ற ஆங்கில வசனம், பளிங்கு மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.

"எல்லாரும் பாக்கட்டும்," என்றேன் தாராளமாக.

பேனையை எடுத்தேன். டீவியைப் பார்த்தபடி பெரிய சுழியைப் போட்டேன்.

டீவியில் ஒன்றுமில்லை.

நான் முதலெழுத்துக்குப் போன பிறகுதான் சுழி மெல்லத் தலைகாட்டியது. நான் பெயரின் நடுவில் நின்றபோது முதலெழுத்து வந்தது. நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். கையே இல்லாமல் டீவியில் என் பெயர் தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஆர் எழுதுறது?" என்றாள் வசந்தி.

"நான்தான்."

"நீங்கள் சும்மாவெல்லே இருக்கிறியள்?"

எழுதினது நான்தான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முந்திய நான்.

இடப்பக்கம் அமத்தி அழித்தேன். இந்த முறை, வருகிற கோட்டைப் பார்த்துப் பார்த்து, அதற்குக் காத்திருந்து எழுதினேன். அது நின்றால் நானும் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து அது நின்றதா, அது நிற்பதைப் பார்த்து நான் நின்றேனா என்று ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. சுழி சதுரமாக வந்தது. அழித்தேன். சரி, வேகமாக முந்திவிடுவோம் என்று ஒரே இழுப்பில் போட்டேன். ஓடுகிற பஸ்ஸில் இருந்து போட்டது மாதிரி வந்தது. அதையும் அழித்தேன்.

போன் அடித்தது. ஆரணி.

"அப்பா, வைச்சிட்டீங்களோ?"

"வைக்கிறன் பிள்ளை. ஆனா பேனை பிந்தி வருது."

"பிந்தியோ? லாக் அடிக்குதோ? எனக்கு ஒருநாளும் அடிக்கேல்லையே. பற்றரி சேவர் ஒன்னில இருக்கோ பாருங்கோ. மற்ற அப் எல்லாத்தையும் மூடுங்கோ. ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்கோ."

எல்லாம் செய்தேன். கண்ணாடி இல்லாமல் எதை மூடினேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். (ஆரணியின் அலாரங்கள் எல்லாம் அழிந்திருந்தன என்று பிறகு தெரிந்தது.) டெப் மீண்டும் உயிர்பெற்றது. இணைப்பைத் திறந்தேன். டீவியோடு திரும்பவும் இணைத்தேன். அன்றைக்கு நான் எதை மறந்தாலும் இதை மட்டும் ஒருமுறையும் மறக்கவில்லை.

சுழி போட்டேன். டீவியில் ஒன்றுமில்லை.

"அத்தான், பேனையைச் சாய்க்காமப் பிடியுங்கோ," என்றான் குகன். நிமிர்த்திப் பிடித்தேன். "உள்ளங்கை திரையில படுது போல." கையை அந்தரத்தில் தூக்கி, பாம்புக்குப் பால் வைக்கிறவன் மாதிரி எழுதினேன். அதுவும் பிந்தித்தான் வந்தது.

டெப் வாங்கிய காலி வீதிக் கடைக்குப் போன் அடித்தேன். "சேர், ஒஃப் கரலா ஒன் கரன்ன" என்று ஒருவன் சிங்களத்தில் அணைத்துப் போடச் சொன்னான். "கரா மல்லி, கரா," செய்துவிட்டேன் தம்பி என்றேன். "எஹெனங் பெனே," என்றான். அப்படியென்றால் பேனைதானாம்.

வசந்தி குங்குமம்தான் உள்ளே இறங்கிவிட்டது என்றாள். எனக்குக் கடற்காற்றில் சந்தேகம். எங்கள் வீட்டில் யன்னல் கம்பி முதல் தோசைக்கல் வரை எல்லாவற்றையும் உப்புக்காற்றுத் தின்றிருக்கிறது, பேனையை மட்டும் விட்டு வைக்குமா? யன்னலைப் பூட்டி, தடித்த திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன். வேர்த்து ஊற்றியது. மின்விசிறியைப் போட்டேன். விளக்கு அணைந்தது. வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் ராகுகாலம் அப்போதே தொடங்கிவிட்டது.

கடைசியாக ரவுட்டரைக் கழற்றிப் பூட்டினேன். (டீவியை மறக்காமல் இணைத்தேன்.) இடையில் ஒருமுறை குனிந்து டெப்பைப் பார்த்தபோது ஏதோ கறுப்பாக என் பேனைக்குக் கீழேயே அசைவது மங்கலாகத் தெரிந்தது. அதைப் பேனையின் நிழல் என்று நினைத்தேன். மனிதன் இவ்வளவு படித்தும் என்ன பிரயோசனம்?

மறுபடியும் ஆரணி. இந்தமுறை குரல் உடைந்திருந்தது. "அப்பா, இன்னும் வரேல்லை. மிஸ் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு."

அந்த ஒரு வசனத்தில் என் பகிடி எல்லாம் வற்றிப்போனது. பிள்ளை இரண்டு வருடமாக விடிய எழும்பிப் படித்தது, கடைசியில் என் சுழியில் வந்து நிற்கிறது.

"கெதியா வையுங்கோப்பா, ராகுகாலம் வரப் போகுது!" வசந்தி குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்து, டெப்பை என் கையில் திணித்தாள். திணிக்கும்போது நெடுக்காகத் திணித்தாள். திரையும் தன்பாட்டில் நெடுக்காகத் திரும்பியது. பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பட்டன்களும் மேலும் கீழுமாக மாறிக்கொண்டன. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நீல மங்கல்.

சுழி போட்டேன். டீவி அசையவில்லை. முழுப் பெயரையும் எழுதினேன். அசையவில்லை. ரவுட்டரின் கோபத்தில் டீவிப் படம் அப்படியே உறைந்திருந்ததை நான் எப்படி அறிவேன்? பதியவில்லை என்று நினைத்து அதே இடத்தில் திரும்ப எழுதினேன். பிறகு இன்னும் அழுத்தி. அடிக்கோட்டை மட்டும் நாலைந்து தரம் இழுத்தேன். புள்ளிகளைக் குத்தினேன். பேனையை உதறிவிட்டு மீண்டும் குத்தினேன். ஒன்றுமே வரவில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம் என்று கீழே இருந்த நீல மங்கலை அமத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

டீவி கறுத்தது. எங்கள் மாடிவீட்டு ஜெனரேட்டர் லிப்டுக்கும் படிக்கட்டுக்கும் மட்டும்தான். அறையில் ஒளி வீசியது என் மடியில் கிடந்த டெப் மட்டும். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால், முதல்முறையாக, சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தேன்.

மேலே 'நன்றி, உங்கள் கையொப்பம் பெறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஒரு இறால் இருந்தது.

நான் மிகைப்படுத்தவில்லை. சுழிக்குமேல் சுழி விழுந்து வளைந்த முதுகு. முதலெழுத்துகள் கூடிக் கால்கள். அடிக்கோடுகள் நீண்ட மீசைகள். இரண்டு புள்ளியும் கண்கள். உயிரோடு பார்த்துக்கொண்டிருந்தது.

விரலால் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பேனையை வைத்தேன். வைத்த கணத்தில் கோடு வந்தது. இழுத்த இடமெல்லாம், என் கையோடு ஒட்டி, ஒரு இமைப்பும் பிந்தாமல் வந்தது.

போன் அடித்தது. வசந்தியின் போன் சிக்னலில் ஓடியதால் குகனும் சாடியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள் ஆரணி மெதுவாக. "இது என்ன?"

"கையெழுத்து."

"மிஸ் கேக்கிறா, கைதவறி வேற படம் ஏதும் அனுப்பிட்டீங்களோ எண்டு."

"பேனை பிந்தி வந்ததடி பிள்ளை. டீவியில பாத்தா..."

"பொறுங்கோ. எதில பாத்தா?"

நான் கறுத்துக் கிடந்த டீவியைப் பார்த்தேன்.

"டீவியில போட்டுட்டோ கையெழுத்து வைச்சனீங்கள்? அப்பா! டீவிக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும்! டெப்பில உடன வந்திருக்குமே! அங்க பாக்கேல்லையோ?"

"அத்தானுக்குக் கிட்ட இருக்கிறது தெரியாதோ?" என்றான் குகன் சாடியில் இருந்து. எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டேனோ அது ஒரே வசனத்தில் லண்டன்வரை போய்ச் சேர்ந்தது. அதில் மட்டும் லாக் இல்லை.

திரும்ப வைக்க முடியாதாம், ஒரே தரம்தானாம். ஆனால் அந்த மிஸ் நல்லவர், ஒரு வழி சொன்னார். வெள்ளைக் கடதாசியில் பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தையும், இந்தப் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் என்னுடையதே என்று எழுதிப் படம் பிடித்து உடனே அனுப்ப வேண்டும். புதியது அனுப்பியது மாதிரியே இருக்க வேண்டும்.

ஆகவே, இருட்டறையில், ராகுகாலத்தில், டெப் வெளிச்சத்தில், மூக்கில் கண்ணாடியோடு, நான் இறால் வரையப் பழகினேன். ஆரணி போனில் வழிகாட்டினாள்.

"மீசை இன்னும் நீளம், அப்பா."

"வாலை விட்டிட்டியள்," என்றாள் வசந்தி, தோளுக்கு மேலால். நல்ல நேரம் போனதையே மறந்துவிட்டாள்.

"கண் பெரிசாப் போச்சு அத்தான், அது நண்டு," என்றான் குகன்.

ஏழாவதோ எட்டாவதோ இறாலை மிஸ் ஏற்றுக்கொண்டார். இணைப்பு மூடச் சற்று முன்பு இடம் உறுதியானது. ஆரணி போனில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எது என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள்.

இப்போது அவள் அங்கே இரண்டாம் வருடம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை என் கையெழுத்து இறால்தான். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சம்மதம் வரும், ஒவ்வொன்றுக்கும் இறால் வைக்க வேண்டும். பழகிப் பழகிக் கை அதற்கே போகிறது. போன மாதம் வங்கியில் என்னை அறியாமல் காசோலையில் இறாலை வைத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அங்கிள், பேரப்பிள்ளை கீறிப்போட்டுதோ?" என்று அன்பாகக் கேட்டாள். என் பழைய சுழியைப் போட்டுக் காட்டினேன். அதிலும் ஒரு மீசை முளைத்தது.

குகன் அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிக் குடும்பக் குழுவில் விட்டிருக்கிறான். நான் ஏதாவது கருத்துச் சொன்னால் கீழே மூன்று நாட்டில் இருந்து இறால் வரும்.

வசந்திதான் மோசம். வெள்ளவத்தைச் சந்தையில் இருந்து நான் பையோடு ஏறிவர, அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு வீடியோவில் இருக்கும் மகளிடம் சொல்வாள்:

"கொப்பா ஒரு கிலோ கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பிள்ளை. இண்டைக்குக் குழம்புதான்."