டாக்கோ கடையில் பெண் பார்த்த கதை

பசியோடு இருப்பவர்களை உட்கார வைத்துக்கொண்டு புதுமை செய்து பார்க்கக் கூடாது. உலகத்துக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் இருபத்தாறு வயது வரை தெரியவில்லை. (நான் படித்தது கம்ப்யூட்டர். அதில் பசியைப் பற்றிப் பாடம் கிடையாது.)

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு மே மாதம். எனக்குப் படூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. அப்பாவுக்குக் கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அந்தக் குடியிருப்பிலேயே வீடு. எங்கள் வீட்டில் கேசரி கிளறினால் மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "உமாவைப் பார்க்க வர்றாங்களா?" என்று கேட்பார். அந்த அளவுக்கு நெருக்கமான சுவர்கள்.

அதுவரை இரண்டு முறை கேசரி கிளறியாகிவிட்டது. இரண்டு முறையும் பட்டுப்புடவை, பஜ்ஜி, காபித் தட்டோடு ஒரு நடை. இரண்டு முறையும் கிளம்பும்போது, "வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு போன் பண்றோம்" என்றார்கள். போன் வரவே இல்லை. அதைவிடக் கொடுமை, அம்மா அவ்வப்போது ரிசீவரைத் தூக்கி, லைன் உயிரோடு இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன? மளிகைக் கடையில் புளி வேண்டாம் என்றால்கூடக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே நகர்கிறோம். எனக்கு அது ரொம்ப வலித்தது. வலி என்று சொல்லத் தெரியாததால் கோபம் என்று வீட்டில் எல்லோரும் நம்பும்படி நடந்துகொண்டேன்.

மூன்றாவது வரன் வந்தபோது அப்பாவிடம் நிபந்தனை போட்டேன்.

"இனிமே வீட்டுல வெச்சு என்னைக் காட்டக் கூடாதுப்பா. வெளியில, பொதுவான இடத்துல. அவங்க என்னைப் பார்க்கட்டும், நானும் அவங்களைப் பார்க்கறேன். ஆமாவா இல்லையான்னு அங்கேயே என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். இந்தத் தடவையும் போன் பண்றோம்னு போனாங்கன்னா, இதுக்கு மேல நான் யார் முன்னாடியும் உட்கார மாட்டேன்."

"பொதுவான இடம்னா கோயிலா?" என்றார் அப்பா.

"மகாபலிபுரத்துல ஒரு டாக்கோ கடை."

அப்பாவுக்குக் கருவிகளை அளந்து சரிபார்க்கும் வேலை. எந்தச் சொல்லையும் அளந்து பார்க்காமல் உள்ளே விட மாட்டார். "டாக்கோன்னா டிபனா, சாப்பாடா?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. சம்பந்தம் முடிவாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பஜ்ஜி தின்னலாம், கேசரி தின்னலாம், காபி குடிக்கலாம். இலை போட்டுச் சோறு தின்றால் அது சம்மதம் சொன்ன மாதிரி. தின்றுவிட்டுப் பின்வாங்கினால் அது துரோகம்.

நான் அதுவரை டாக்கோவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆன்சைட் போய் டெக்சாஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த அலுவலகத் தோழி ஒருத்தி, அதைப் பற்றி ஆறு வருடத்துக்குப் பேசியிருந்தாள். அந்தத் தகுதியில், "டிபன்தான்பா. மடிச்ச அப்பளத்துல கறி வெச்சு குடுப்பாங்க" என்று உறுதி கொடுத்தேன். பகல் பன்னிரண்டரைக்கு வரச் சொல்லியும் ஆயிற்று. "பன்னண்டரைக்கு யாராவது டிபன் குடுப்பாங்களாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மெக்சிகோவில் மத்தியானச் சாப்பாடே இதுதான் என்று நான் அவளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். ஒரே உணவை அப்பாவிடம் டிபன் என்றும் அம்மாவிடம் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடை, கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு மொட்டை மாடியில், கீற்றுக் கொட்டகைக்குக் கீழே இருந்தது. வாசல் பலகையில் அகலத் தொப்பியோடு ஒரு மெக்சிகோக்காரர். வரைந்தவர் உள்ளூர்க்காரர் போலும். உருட்டி விழித்த கண்ணும் முறுக்கு மீசையுமாக, ஊர் எல்லை அய்யனாருக்கு வெயில் படக் கூடாது என்று யாரோ தொப்பி போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அப்பா தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றப் போனார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து மாப்பிள்ளை தினேஷும் அவனுடைய அத்தையும் வந்தார்கள். அம்மா இல்லாத பையன். வளர்த்தது அவன் அப்பாவின் அக்காவான அஞ்சலை அத்தைதான், முடிவும் அவர்தான் சொல்வார் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். செங்கல்பட்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதாகத் திட்டம். இறங்கியவுடன் எதிரே மகாபலிபுரம் பஸ் கிளம்பிக்கொண்டிருக்க, விட்டால் அடுத்தது எப்போதோ என்று தாவி ஏறிவிட்டார்கள். வழி முழுக்க நின்றுகொண்டே பயணம். வந்து சேரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அத்தை நாற்காலியில் சாய்ந்து இரண்டு தம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, "இன்னா வெயிலு" என்றார். அவர் கண் சமையற்கட்டுப் பக்கமே இருந்தது.

டாக்கோ வரும் வரை நான் நேரத்தை வீணாக்கவில்லை. தினேஷிடம் வேலை பற்றிக் கேட்டேன். அடுத்த ஐந்து வருடத்தில் எங்கே இருப்பதாக எண்ணம் என்று கேட்டேன். உங்கள் பலவீனம் என்று எதைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். (அலுவலகத்தில் புது ஆட்களை நேர்காணல் செய்பவள் நான்தான். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வித்தாள் அது.) அவன் முன்நெற்றி வியர்த்தது. வெயில் என்று நினைத்தேன்.

டாக்கோ வந்தது. தோழி சொன்ன வர்ணனையில், கடித்தால் நொறுங்கும் என்று இருந்தது. இது கடித்தால் கூடவே வந்தது. கடற்காற்றில் நமுத்துப்போன அப்பளத்தைப் பல்லால் இழுக்கிற கதைதான். அத்தை ஒரு பக்கம் கடிக்க, மறுபக்கம் வழியாக முட்டைக்கோசும் கொண்டைக்கடலையும் தக்காளி சாஸும் அவர் மடியில் விழுந்தன. மாம்பழ நிறப் புடவை. எனக்கு எழுந்து கடலுக்குள் நடந்துவிடலாம் போல இருந்தது. கடல் பக்கத்திலேயேதான் இருந்தது.

கடைக்காரர் ஓடி வந்தார். "மன்னிச்சுக்குங்க மேடம். சீசன் முடிஞ்சுபோச்சு, வெள்ளக்காரங்கல்லாம் கிளம்பிட்டாங்க. அப்பளம் டின்லயே கிடந்து நமுத்துடுச்சு. வேற சூடா சுருட்டி எடுத்தாறேன்."

சூடாகச் சுருட்டி எடுத்து வந்தார். பரிட்டோ என்றார். கைக்குழந்தையைத் துணியில் சுற்றின மாதிரி ஒவ்வொன்றும் தடிமனாக இருந்தது. எனக்கும் அதுதான் முதல் தரிசனம். சப்பாத்தி மாதிரிதானே இருக்கிறது என்று நிம்மதியாகப் பரிமாறச் சொன்னேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. பாதி வரை நிறுத்தாமல் சாப்பிட்டார். அந்த ஐந்து நிமிடம்தான் அன்று அந்த மேசையில் இருந்த ஒரே மகிழ்ச்சி. பிறகு கையை நிறுத்தி, விரல் நுனியில் ஒட்டியிருந்த எதையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

சிற்பக் கூடங்களில் உளி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சோறு!" என்றார் அத்தை. "உள்ள சோத்த வெச்சு சுத்தி கீறாங்க!"

அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அரிசிதாங்க. ஆனா அரிசி இருந்தாலே சோறுன்னு ஆயிடுமா? இட்லியிலயும் அரிசி இருக்கு. டிபன்னுதான சொல்றோம்?"

"அது அரைச்சது சார். இது பொங்கினது. பருக்க பருக்கயா தெரியுது பாருங்க."

"கோயில்ல புளியோதரை வாங்கித் திங்கறோமே?"

"அது சாமி குடுக்கறது. இது நீங்க குடுக்கறது."

அப்பா தலையாட்டினார். அம்மா மெதுவாக, "பாதிதானே சாப்பிட்டிருக்கீங்க" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தாள். அத்தை கடைக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, நீயே சொல்லு. இது டிபனா, சாப்பாடா?"

அந்த மனிதர் எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார் போல. "ஃபுல் மீல்ஸுங்க!" என்றார் பெருமையாக. "ஒண்ணு துன்னா ராத்திரி வரைக்கும் தாங்கும்."

அத்தை கையை அப்படியே தட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுவவும் இல்லை, மேலே சாப்பிடவும் இல்லை. "அத்த, இதெல்லாம் ஒரு மேட்டரா, வுடு" என்றான் தினேஷ். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இதற்குத்தானே இவ்வளவு பாடும் என்று எனக்குத் தோன்றியது.

"உங்க முடிவு என்னங்க? இப்பவே சொல்லலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றேன்.

அவன் தொப்பிக்கார அய்யனார் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு..." என்று இழுத்தான்.

"போன் பண்றீங்க" என்று நானே முடித்துவைத்தேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. இடத்தை மாற்றினால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்று நினைத்த என் புத்தியை நொந்துகொண்டேன். புடவைக்குப் பதில் சுடிதார், பஜ்ஜிக்குப் பதில் டாக்கோ. மற்றதெல்லாம் அதேதான். அன்று அழுதேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சாஸ் காரம் என்று சொல்லியிருந்தேன்.

போன் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அத்தை வந்தார்.

தனியாக வந்திருந்தார். செங்கல்பட்டில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, வியர்த்து வழிய வாசலில் நின்றார். அம்மா பதறிப்போய்க் காபி போட ஓடினாள். "காபி இருக்கட்டும்மா. நான் உன் பொண்ணாண்ட பேசணும்" என்றார். என்னை எதிரே உட்கார வைத்து, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இது ஒத்து வராதுமா. பையன் வேணான்ட்டான். உன்னாண்ட ஒரு கொறையும் இல்ல. உன்னப் பார்த்தா அவனுக்கு மேனேஜரப் பார்த்த மாதிரி கீதாம். வூட்லயும் லீவு கேட்டுகினு நிக்கணுமான்றான். போன்ல சொல்லிக்கலாம்னான். அப்பறம், நீ ஒண்ணும் சொல்லாத, அவங்களே புரிஞ்சுப்பாங்கன்னான். எப்டிமா? உங்க சோத்த துன்னுட்டு கீறேன். துன்ன வாயால வேணாம்னு சொல்றதே தப்பு. அதையும் வந்து சொல்லலேன்னா நான் இன்னா மனுஷி?"

வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் எத்தனையோ நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. என்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றேன். மறுக்கப்பட்ட பெண் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை போல, அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்பாதான் சூழ்நிலையை அளந்தார். "மணி ஒண்ணாகுது. சாப்பிட்டுப் போங்களேன்" என்றார் தயக்கத்தோடு.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆமா, இனிமே இன்னா தடை? எடுத்து வைமா. அன்னிலேந்து பசி" என்றார்.

அன்று அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்ட மாதிரி எந்தச் சம்பந்தியும் சாப்பிட்டதில்லை. மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார். மெக்சிகோக்காரன் குழம்பு இல்லாமல் எப்படிச் சோறு தின்கிறான் என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்து, நிச்சயமே ஆகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் வருவது நிற்கவில்லை. பொங்கலுக்கு வந்தார், அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் வந்து பத்து நாள் தங்கிச் சமைத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து, கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரோடு எனக்குக் கல்யாணம் நடந்தபோது, அத்தை சீர்வரிசைத் தட்டோடு முன்வரிசையில் நின்றார். இப்போதும் என் வீட்டில் எதைச் சுருட்டிக் கொடுத்தாலும், அது முட்டை தோசையாகவே இருந்தாலும், ஒரு ஓரத்தைப் பிரித்து உள்ளே பார்க்காமல் கடிக்க மாட்டார். நாங்கள் எல்லோரும் அதற்காகவே காத்திருந்து சிரிப்போம்.

விசேஷங்களில் யாராவது அத்தையைக் காட்டி, "இவங்க உங்களுக்கு எந்த வழியில உறவு?" என்று கேட்பார்கள். அப்பா கொஞ்சமும் சிரிக்காமல், "பரிட்டோ வழியில" என்பார். கேட்டவர்கள், "ஓ, அந்த வழியா, சரி சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவார்கள்.