ஏழாவது சான்றிதழ்

ஏழு சான்றிதழ் செய்தேன். ஒன்றையும் சர்வர் ஏற்கவில்லை. அத்தோடு என் வேலையும் போக இருந்தது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளவளவென்று பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வயது அறுபத்து மூன்று. ஓய்வு கொடுத்த பிறகும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். பாசத்தால் அல்ல. அங்கே இரண்டு பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கணினிகள் குடித்தனம் இருக்கின்றன. நிஜக் கணினிகள் இல்லை, மெய்நிகர் கணினிகள். தொட முடியாது. கோபம் வந்தால் தட்டவும் முடியாது. ஒன்று வருகைப் பதிவைக் கவனிக்கும், ஒன்று கிடங்கை, ஒன்று பெட்டியில் அச்சடிக்கும் படங்களை. எந்தக் குடித்தனம் எந்த அறையில் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

சர்வர் அறை மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, அட்டைப்பெட்டிகளுக்கு மட்டும். மனிதன் காலை வைத்தால் காவலாளி விசில் ஊதுவான். என் முழங்கால் ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம் போடும். எண்ணியிருக்கிறேன். அறுபத்தாறு சத்தம். ஒரு நாள் அறுபத்தாறாவது படியில் நின்று முடிவு செய்தேன். இனி வீட்டிலிருந்துதான் வேலை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், ஆனால் விவரமானவர். ஒரு வெளிக் கம்பெனியும் இதே வேலையைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர்கள் எங்கோ உட்கார்ந்தபடியே டி.எல்.எஸ். சான்றிதழ் போட்டுப் பாதுகாப்பாக சர்வரை நடத்துவார்களாம். நானும் அப்படிச் செய்ய முடிந்தால் தாராளமாக வீட்டிலிருந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குள் வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைந்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் ஒப்பந்தம் அவர்களுக்கு.

சரி என்றேன். சான்றிதழ் என்ன பெரிய விஷயமா? பாஸ்வேர்ட் சொன்னால் கதவு திறந்த காலம் போயிற்று. இப்போது சர்வர் நம்மைக் கேட்கும்: நீ யார், உனக்கு யார் ஜாமீன்? நாமும் சர்வரைக் கேட்போம்: நீ மட்டும் யார்? இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து ஒத்துப்போனால்தான் பேச்சே.

அந்தப் பெரிய மனிதர் என் வீட்டில் இருந்தார். ஒரு பழைய லேப்டாப். அதை எந்த நெட்டிலும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் யாராவது உள்ளே புகுந்து கையெழுத்தைத் திருடிவிடுவான். பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். போக வர பென் டிரைவ் ஒன்றுதான் வாகனம். அந்த லேப்டாப்புக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மணியை மறந்துவிடும். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் வைப்பேன்.

அந்தக் கடிகாரம் இருபது நிமிஷம் வேகம். நான் தாமதமாகக் கிளம்புகிறேன் என்று என் மனைவி வேண்டுமென்றே அப்படித் திருப்பி வைத்தாள். எனக்குத் தெரியாமல் இருக்குமா? இருபதைக் கழித்துக்கொள்வேன். என்னிடம் அதெல்லாம் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை சர்வர்களுக்கான சான்றிதழைச் செய்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய்ப் போட்டேன். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டன. வியாழக்கிழமை பழைய பாஸ்வேர்ட் வழியை அடைத்தேன். பாக்கி இருந்தது என் வீட்டுக் கணினிக்கான சான்றிதழ் ஒன்றுதான். பத்து நிமிஷ வேலை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கூடத்து மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மனைவி வந்து நின்றாள். அவள் தெருப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறாள். நான் வேலைக்குப் போனதும் கூடம் வகுப்பாகிவிடும். அன்று என்னால் வகுப்பைப் பிற்பகலுக்குத் தள்ளியிருந்தாள்.

“இன்னிக்கு மட்டுமா, தினமுமா?”

“தினமும்.”

“கூடத்துலயா?”

“நெட் இங்கதானே எடுக்குது.”

அவள் மேஜையிலிருந்த துணியை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில் அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

காலை முழுதும் புது லேப்டாப்பை ஒழுங்கு செய்வதிலேயே போயிற்று. ஒன்றரைக்குப் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கழித்தேன். மணி வைத்தேன். சான்றிதழ் செய்து, கையெழுத்துப் போட்டு, பென் டிரைவில் ஏற்றி, புது லேப்டாப்பில் இறக்கி, சர்வரைக் கூப்பிட்டேன்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘சான்றிதழ் ஏற்கப்படவில்லை.’ அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பொடி எழுத்தை நான் படிப்பதில்லை. கண்ணாடி தேட வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏற்கவில்லை, அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டிக் கிடக்கிறது? அழித்தேன். இரண்டாவது செய்தேன். ஏற்கவில்லை. பெயரில் ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கும் என்று மூன்றாவது. சான்றிதழுக்கு ஜோடியான ரகசியச் சாவியில் கோளாறு என்று நான்காவது. நான்காவதில் எதையும் மாற்றவில்லை, கோபமாகச் செய்தேன், அவ்வளவுதான்.

அதற்குள் வகுப்பு வந்துவிட்டது. ஐந்து பெண்கள், மூன்று தையல் மெஷின். மேஜையின் ஒரு பாதியில் நான், மறு பாதியில் துணி. எதிர்வீட்டு நர்ஸும் அந்த ஐவரில் ஒருத்தி. வாய் கொஞ்சம் நீளம். ஐந்தாவது சான்றிதழை சர்வர் திருப்பி அனுப்பியதைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, சார் என்ன தேர்வு எழுதுகிறார் என்று என் மனைவியைக் கேட்டாள். இவள் விஷயத்தைச் சொன்னாள். உள்ளே போனால் தினமும் வீட்டிலிருந்து வேலை. போக முடியாவிட்டால் வேலையே இல்லை.

நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“டீச்சர், அப்ப சார் ஜெயிச்சாலும் வீட்டுலதான், தோத்தாலும் வீட்டுலதான்.”

மூன்று மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. ஐந்து பெண்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் ஆறாவது சான்றிதழில் இறங்கினேன்.

ஏழாவதும் போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. இருபது போக மூன்று ஐந்து. இருப்பது இருபத்தைந்து நிமிஷம். இந்த வேலையை நான் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறேன். அந்தச் சர்வர்கள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கிய அன்று பிரித்து எடுத்து வைத்தவன் நான். இப்போது அவை என்னைத் தெரியாது என்கின்றன.

மனைவி பின்னால் வந்து குனிந்து திரையைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கிறவள். பெட்டியின் அடி வரை படித்தாள். பிறகு திரையின் மூலையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு பென் டிரைவைப் பிடுங்கித் தன் நூல் பாபின் டப்பாவில் போட்டு மூடினாள்.

“எட்டாவது வேண்டாம்.”

“விளையாடாதே. குடு இங்க.”

“இன்னிக்கு ஆம்பளைச் சட்டைக்கு அளவு எடுக்கிற பாடம். ஆள் இல்லாம எப்படிச் சொல்லித் தர்றது? எழுந்து ஸ்டூல் மேல நில்லுங்க. முடிஞ்சதும் தர்றேன்.”

என் வேலை போகப்போகிறது என்றேன். தெரியும் என்றாள். உனக்குப் புத்தி இருக்கிறதா என்றேன். இருப்பதால்தான் சொல்கிறேன் என்றாள். டப்பா அவள் இடுப்பில் ஏறிவிட்டது. அங்கிருந்து எடுக்கிற துணிச்சல், அதுவும் ஐந்து பெண்கள் முன்னால், எனக்கு இல்லை.

ஸ்டூலில் ஏறினேன்.

தோளை ஒருத்தி அளந்தாள். கையை ஒருத்தி. கழுத்தை நர்ஸ் அளந்தாள், சற்று இறுக்கமாகவே. வயிற்றுக்கு நாடாவைச் சுற்றியபோது ஓர் எண் சொன்னார்கள். தப்பு என்றேன். திரும்ப அளந்தார்கள். முன்னைவிட ஒன்று கூடிவிட்டது. மூச்சை இழுக்கக் கூடாது என்றாள் மனைவி. இழுத்து எடுத்த அளவில் தைத்தால் மூச்சு விடும்போது பொத்தான் தெறிக்குமாம். எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நான் கடிகாரத்தையே பார்த்தேன். மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து. மூன்று ஐம்பது. இருபதைக் கழித்தேன். மூன்றரை. முடிந்தது கதை. இந்நேரம் மேலாளர் வெளிக் கம்பெனிக்குப் போன் போட்டிருப்பார். என் குடித்தனங்களுக்கெல்லாம் புது வீட்டுக்காரன்.

கோபம்கூட வரவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, வேலை போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, புதிதாக எதுவும் செய்யாமல் அந்த ஏழாவதையே இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஏற்காத சான்றிதழை எத்தனை தடவை கொடுத்தாலும் ஏற்காது என்று விளக்கினேன். கொடுத்துப் பாருங்கள் என்றாள். அவளுக்கு நிரூபிப்பதற்காகவே தட்டினேன்.

திறந்துகொண்டது.

இரண்டு சர்வர்களும் வரிசையாக வந்து நின்றன. உள்ளே வருகைப் பதிவு, கிடங்கு, பெட்டிப் படங்கள், எல்லாக் குடித்தனமும் விளக்கோடு. நான் ஒன்றையும் தொடவில்லை. போன் அடித்தது. மேலாளர்.

“சார், பார்த்துட்டேன், உள்ள வந்துட்டீங்க. மணி மூணு அஞ்சுதான் ஆகுது. இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சுட்டீங்க.”

அப்போதுதான் கண்ணாடியைத் தேடிப் போட்டேன். திரையின் மூலையில் மூன்று ஐந்து. சுவரில் மூன்று ஐம்பது. நானும் கணக்குத் தெரிந்தவன்தான். அணைக்காமல் வைத்திருந்த பழைய லேப்டாப்பைப் பார்த்தேன். அதில் மூன்று முப்பது. ஆக, என் பெரிய மனிதர் இருபத்தைந்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டரைக்குக் கையெழுத்துப் போட்டு, இரண்டு ஐம்பத்தைந்திலிருந்து செல்லும் என்று எழுதிக் கொடுத்தார். சர்வர் சரியான மணி பார்த்து, இன்னும் நேரம் வரவில்லை என்று திருப்பி அனுப்பியது. காத்திருந்தால் முதல் சான்றிதழே செல்லுபடியாகியிருக்கும். நான் காத்திருக்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழித்து, புதிதாக ஓர் இருபத்தைந்து நிமிஷத்தை ஆரம்பித்து வைத்தேன். திங்கட்கிழமை சர்வர்கள் ஏன் சத்தமில்லாமல் ஏற்றன என்பதும் புரிந்தது. நடுவில் ஒரு ராத்திரி போயிருந்தது.

போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் கேட்டேன்.

“கடிகாரம் இருபது நிமிஷம்தானே வேகம்?”

“இருபது வச்சேன். நீங்க இருபதைக் கழிச்சுட்டு உட்கார்ந்திருந்தீங்க. அதான் மேல ஒரு இருபத்தஞ்சு வச்சேன்.”

“எப்போ?”

“மூணு வருஷமாச்சு. கிளாஸ் ஆரம்பிச்சப்போ. நீங்க எட்டரைக்குக் கிளம்பினா நான் எப்பத் துணி வெட்டறது, எப்பக் கூடத்தை ஒழிக்கிறது?”

மூன்று வருஷம். தொழிற்சாலைக்கு நடந்தால் மற்றவர்களுக்கு நாற்பது நிமிஷம். நான் பதினைந்து நிமிஷத்தில் போய்விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தது மட்டுமா, காவலாளியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நடையின் ரகசியம் குதிகால் என்று அவனுக்குக் கற்றும் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வர மட்டும் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கேட்டிருக்கிறான். களைப்பு என்றேன்.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன். சொல்லியிருந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருப்பீர்கள் என்றாள். பெட்டியின் மூன்றாவது வரியிலேயே, இந்தச் சான்றிதழ் இன்ன மணியிலிருந்துதான் செல்லும் என்று எழுதியிருந்ததாம். அதைப் படிக்க இருபத்திரண்டு வருஷ அனுபவம் தேவையில்லையாம். அதையும் சொன்னாள்.

பரவாயில்லை, வேலை தப்பியது, திங்கள் முதல் வீட்டில்தான் என்று நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் போன் அவள் கைக்குப் போயிருந்தது. மேலாளரிடம் மிகப் பணிவாகப் பேசினாள். சார் வீட்டிலிருந்து பார்ப்பதில் அவளுக்கு ரொம்ப சந்தோஷமாம். ஆனால் சான்றிதழ் என்பது மணி தவறினால் மக்கர் பண்ணுகிற சாமான். தினமும் காலையில் ஒருவர் நேரில் வந்து மெஷின்களைப் பார்த்துவிடுவது நல்லதில்லையா? ஒரு மணிக்கு மேல் வீட்டிலிருந்து பார்க்கட்டும். முழங்கால் வலிக்காக அட்டை லிஃப்டில் இவரையும் ஒரு பெட்டியாக நினைத்து ஏற்றிக்கொள்ளச் சொன்னால் போதும்.

மேலாளர் சிரித்தார். அம்மா சொல்வதுதான் முறை என்றார். லிஃப்டுக்கு அன்றே உத்தரவு போடுவதாகவும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. தையல் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. காலை வகுப்பு பழையபடி உண்டு என்று நர்ஸ் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது.

ஆக, எங்கிருந்து வேண்டுமானாலும் சர்வருக்குள் நுழைய என்னிடம் இப்போது செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறது. ஒரு மணி வரை என் வீட்டுக் கூடத்துக்குள் நுழையத்தான் இல்லை.

நான்கு மணிக்கு மேலாளர் ஒரு படிவம் அனுப்பினார். கோப்பில் வைக்க வேண்டுமாம். என்ன பழுது என்று கேட்டிருந்தது. சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்று எழுதினேன். காரணம்? நேரப் பிழை. யாருடைய நேரம் என்று படிவம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசிக் கட்டம், சரி செய்தவர். என் பெயரைப் போட்டேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அழித்துவிட்டு, அவள் படிக்கும்படி பெரிய எழுத்தாகவே போட்டேன்.

சரி செய்தவர்: தையல் டீச்சர்.