செவ்வாப்பேட்டை பூச்சி இன்ஸ்பெக்டர்

பூச்சி இன்ஸ்பெக்டரைப் போல ஒரு வேண்டாத மனுஷரை ஆண்டவன் செவ்வாப்பேட்டைக்கு முன்னும் அனுப்பியதில்லை, பின்னும் அனுப்பியதில்லை. ஐம்பதுகளில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கிய யாரும் அவரிடம் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் வீடு போய்ச் சேர்ந்தது கிடையாது. டிக்கெட் இல்லாமல் தப்பியவர்கள் உண்டு.

இன்ஸ்பெக்டர் வேலையை அவருக்குச் சர்க்கார் கொடுக்கவில்லை. அவரே கொடுத்துக்கொண்டார். சொந்தத் தொழில் அரைக்காணி கத்தரித் தோட்டம். ஒருநாள் திருவள்ளூரில் விவசாய அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு வெளிநாட்டுப் பூச்சி கப்பலில் வந்து, நாற்றுக்கட்டில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவுகிறது, கண்ட இடத்திலேயே கொளுத்துங்கள் என்று பேசினார். போனவர்கள் எல்லாம் காராபூந்தி தின்றுவிட்டுத் திரும்பினார்கள். இவர் மட்டும் பதவியோடு திரும்பினார்.

மறுநாளே எங்கிருந்தோ ஒரு காக்கிச் சட்டையைப் பிடித்து மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார். நான் அப்போது பட்டணத்து ஆபீசுக்குப் போய்வரும் குமாஸ்தா. என் டிபன் கேரியரையும் விடமாட்டார்.

“தொற.”

“காலிங்க.”

“காலியா இருந்தாத்தான் அது தாராளமா குந்திக்கினு வரும்.”

ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “உன்னோட பெரிய பேஜாருய்யா. உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?” என்று கேட்டார்.

“உனக்கு ரயிலு. எனக்கு ரயில்ல வர்ற பூச்சி. ரெண்டு பேரும் டூட்டிலதான் கீறோம்.”

பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி பாயையும் மறித்தார்.

“கத்தரிக்கா துண்ற பூச்சி கருவாட்டுல இன்னாத்துக்கு நைனா வருது?” என்றார் பாய்.

“வெளிநாட்டுப் பூச்சி பாய். அது இன்னா துண்ணும்னு நமக்கு இன்னா தெரியும்?”

கடம்பத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரின் மாலையைக் கழற்றி உதறிப் பார்த்ததில் முகூர்த்தமே தள்ளிப்போனது. இப்பேர்ப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

வெள்ளையாக எதைக் கண்டாலும் அவருக்குப் பூச்சிதான். ஒட்டடை, பஞ்சு, விபூதி எதுவும் தப்பாது. நாற்றுக்கட்டு என்றால் கேட்கவே வேண்டாம், பிடுங்கிக்கொள்வார். பிடுங்கியதைக் கொளுத்தினாரா என்றால், அதுதான் இல்லை. “ஆபீசர் வந்தா சாட்சி காட்ட வேணாமா?” என்று எல்லாவற்றையும் தன் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாடாமல் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றினார். புத்தி அவ்வளவுதான்.

ஆபீசர் வரவில்லை. பூச்சி வந்தது. மாவு தூவியது போல இலைக்கடியில் அப்பிக்கொண்டு, காய் பறிக்க இருந்த சமயத்தில், ஊரிலேயே அவர் தோட்டத்தில் மட்டும் வந்தது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

“கண்ட பூச்சியெல்லாம் ஊட்டுக்கு இட்டாந்து சோறு போட்டுக்கீறான்,” என்று என் அப்பாவும் சிரித்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அதைத் தாண்டினால் எங்கள் காய் போச்சு. அப்புறம் ஏரிக்கரை வரைக்கும் எல்லார் காயும் போச்சு.

அப்பாவும் நானும் ஓடினோம். மனுஷர் கிணற்றடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. சண்டை போடப் போன அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை.

“நல்ல காயா பாத்துப் பறிச்சி சந்தைல போட்டுடு. அப்பால செடியப் புடுங்கலாம்.”

“பறிச்சா கூடைல ஏறும். கூடை ரயில்ல ஏறும்,” என்றார் அவர். “நானே ஏத்தி அனுப்பவா?”

எழுந்துபோய் முதல் செடியைப் பிடுங்கினார். பூவும் பிஞ்சுமாக அரைக்காணியையும் பிடுங்கினார். நாங்களும் கூடப் பிடுங்கினோம். வைக்கோல் போட்டு அவரே கொளுத்தினார். புகை அடங்கும்வரை ஒரு இலைகூட மிஞ்சாமல் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

பூச்சி வரப்பைத் தாண்டவில்லை. அந்த வருஷம் கத்தரிக்காய் விளைந்த ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு ஒருவேளைச் சோறு இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு வேளை.